வண்டியூர் பேஷண்ட்

எனக்கு மாரடைப்பு வரவில்லை. வந்திருக்கக் கூடாதா என்று ஒரு வாரம் முழுக்க நினைத்துக்கொண்டு திரிந்தேன். இப்படி நினைப்பது பாவம் என்று தெரியும். தெரிந்துதான் நினைத்தேன்.

என் பெயர் நஜீம். தெற்குவாசல் பக்கம் எங்கள் ஜமாஅத்துக்குச் சொந்தமாக ஓர் ஆம்புலன்ஸ் இருக்கிறது. பதினோரு வருஷமாக அதன் டிரைவர் நான்தான். எங்கள் முஹல்லாத் தெருக்களில் யாருக்கு மூச்சு முட்டினாலும், யார் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாலும், முதல் போன் என் செல்லுக்குத்தான் வரும். எந்த ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் எத்தனை மணிக்கு இருப்பார், எங்கே லிஃப்ட் ரிப்பேர், எந்த வாசலில் வண்டியை நிறுத்தினால் செக்யூரிட்டி கத்துவான் எல்லாம் எனக்கு அத்துப்படி. "நஜீம் வந்துட்டான்ல, இனிமே ஒண்ணும் ஆகாது" என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைக் காதால் கேட்டிருக்கிறேன். அதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். மறைப்பானேன்.

அந்த நெஞ்சுதான் போன வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடை வரிசையில் நிற்கும்போது, தடதடவென்று அடித்துக்கொண்டது. நடுவில் ஓர் அடி தவறும்; பிறகு தொண்டை வரைக்கும் ஒரு குதி குதிக்கும். கை வியர்த்து, காது அடைத்து, இதோ விழப் போகிறேன் என்று நின்றேன். விழவில்லை. முக்கால் கிலோ கறியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குத்தான் போனேன்.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு தடவையாவது வந்தது. ஈசிஜி எடுத்தேன், எக்கோ எடுத்தேன். நெஞ்சில் ஒயரை ஒட்டி ஒரு நாள் முழுக்க மாட்டிவிடும் மெஷினையும் சட்டைக்குள் சுமந்துகொண்டு நடந்தேன். இருதய டாக்டர் எல்லாப் பேப்பரையும் புரட்டிவிட்டு, "அப்பப்ப எக்ஸ்ட்ரா பீட் வருது. நிறையப் பேருக்கு உள்ளதுதான், ஆபத்து இல்ல. நீங்க ஒரு மனநல டாக்டரைப் பாருங்க" என்றார். நான் கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். என்னைப் பார்த்தால் பைத்தியம் மாதிரியா இருக்கிறது?

ஒன்றரை மாதம் கழித்து, தூக்கம் சுத்தமாகப் போன பிறகு, நானே போனேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கே.கே.நகரில், நம் தெரு ஆள் ஒருத்தனும் வராத கிளினிக்காகத் தேடிப் பிடித்தேன். பைக்கை இரண்டு தெரு தள்ளி ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் நிறுத்தினேன். டாக்டர் இந்துப்ரியாவுக்கு என்னைவிட வயது குறைவு. பொறுமையாகக் கேட்டார். என்ன தொழில் என்று கேட்டபோது செருப்புக் கடை என்று சொன்னேன். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன் என்று சொல்லியிருந்தால் அவர் வேறு மாதிரி யோசித்திருப்பார். ஆனால் ஆம்புலன்ஸ் டிரைவருக்கே பயம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மாத்திரை எழுதிக் கொடுத்தார். முதலில் சில நாள் வயிற்றைப் புரட்டும், வாய் காயும், படபடப்புகூடக் கொஞ்சம் அதிகமாகலாம், பிறகு அடங்கும் என்று சொல்லித்தான் கொடுத்தார். சொன்னது எல்லாம் வந்தது. காலையில் இட்லியைப் பார்த்தாலே குமட்டியது. கொட்டாவி விட்டு விட்டுத் தாடை வலித்தது. டீ கிளாஸைப் பிடித்தால் விரல் நடுங்கும், அதனால் டீக்கடையில் கிளாஸை மேஜையில் வைத்துக்கொண்டு குனிந்து குடிக்கப் பழகினேன். இன்னொன்றும் வந்தது. அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சுஃபியா பக்கத்தில் வந்து படுத்தால் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அசதி என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் என்னை அதிகம் குத்தியது.

சுஃபியா என் மனைவி. அவளிடம் அது கேஸ் மாத்திரை என்று சொல்லியிருந்தேன். ஏன் சொல்லவில்லை என்றால், அதற்குக் காரணம் அவளுடைய தம்பி உமர் பாரூக்.

மூன்று வருஷத்துக்கு முன்பு அவனுக்கு வேலை போய், ஆள் கருத்து, யாரோடும் பேசாமல் இருந்தான். யாரோ டாக்டரிடம் கூட்டிப் போக, மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தான். பெருநாள் விருந்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, சாப்பிட்ட கையோடு சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தான். நான் அதை வாங்கிப் பார்த்தேன். அத்தனை பேர் முன்னால், "என்னடா மாப்ள, மெண்டல் மாத்திரையெல்லாம் முழுங்குற? நாலு மூட்டை தூக்குனா எல்லாம் சரியாப் போகும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதோடு போனவன்தான், எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சுஃபியா அவனைப் பார்க்க வேண்டுமென்றால் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அப்படிப்பட்டவளிடம் நானும் அதே மாத்திரை சாப்பிடுகிறேன் என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

இரண்டு மாதம் ஆனது. கொஞ்சம் தேவலை என்று தோன்றியதும் டாக்டர் டோஸைக் கூட்டினார். "மறுபடி ரெண்டு மூணு நாள் படபடன்னு இருக்கலாம். பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடாதீங்க. உக்காந்து மூச்ச மெதுவா விடுங்க, கால் மணி நேரத்துல அடங்கிரும். உங்க இருதயம் நல்லா இருக்கு" என்று இரண்டு தடவை சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. டிஸ்சார்ஜ் ஆன ஒருவரை வண்டியூரில் அவர் வீட்டில் இறக்கிவிட்டு, காலி வண்டியோடு தெப்பக்குளத்தைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தேன். மணி பதினொன்று இருக்கும். நெஞ்சு ஆரம்பித்தது. ஓரங்கட்டி உட்கார்ந்திருக்கலாம். டாக்டர் சொன்னதை நினைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் டாக்டர் சொன்னதாவது மண்ணாவது. செத்துவிடுவேன், ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்து கிடப்பேன், யாரோ வீடியோ எடுப்பான், இதுதான் ஓடியது.

எங்கள் வண்டியில் ஒரு சட்டம் உண்டு. உள்ளே பேஷண்ட் இல்லாமல் சைரன் போடக் கூடாது. பதினோரு வருஷத்தில் நான் ஒரு தடவைகூட மீறியதில்லை. அன்றைக்குப் போட்டேன். காமராஜர் சாலையில் பஸ் ஒதுங்கியது, சரக்கு ஆட்டோ ஒதுங்கியது. ஒரு போலீஸ்காரர் நடுரோட்டுக்கு வந்து எதிர் வண்டிகளைக் கையை விரித்து நிறுத்தினார். பூக்கூடையோடு நின்ற ஓர் அம்மா வண்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே காலி ஸ்ட்ரெச்சர் குலுங்கிக்கொண்டு வந்தது.

வழியில் இருந்த ஒரு நர்சிங் ஹோம் வாசலில் நிறுத்தினேன். என்னைத் தெரிந்த பையன்கள் இரண்டு பேர் ஓடி வந்து பின்கதவைத் திறந்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணே, பேஷண்ட் எங்கண்ணே?"

நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர்களில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு என்னைத் தோளில் சாய்த்து உள்ளே கூட்டிப் போனான்.

சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, நெஞ்சில் பசையைத் தடவி ஈசிஜி போட்டார்கள். சட்டைப் பையில் போன் அடித்தது. நர்ஸ் எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினாள். மன்சூர். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறான், என்னோடு படித்தவன். தினம் அந்த நேரத்துக்கு டீ குடிக்கக் கூப்பிடுவான். எங்கேடா இருக்க என்று கேட்டால் என்ன சொல்வது? வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இரண்டாம் தடவை அடித்தது. மூன்றாம் தடவையும் அடித்தது. மூன்று தடவை அடித்தால் அது டீ இல்லை என்று ஓர் ஆம்புலன்ஸ் டிரைவருக்குத் தெரியாதா? தெரியும். அப்படியும் எடுக்கவில்லை.

டியூட்டி டாக்டர் காகிதத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல பாய், நார்மல். டென்ஷனா?" என்றார். ஒரு மணி நேரம் படுக்க வைத்திருந்தார்கள். அதற்குள் நெஞ்சு தானாகவே அடங்கிவிட்டது. எனக்குத்தான் எழுந்து நடக்கக் கூச்சமாக இருந்தது.

நேரே பள்ளிவாசலுக்குப் போனேன். ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டது. எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வாரம் ஆம்புலன்ஸில் போன நோயாளிகளின் பேரை நான் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பேன். தொழுகை முடிந்ததும், தொழ வைக்கும் ஹஜ்ரத் அந்த நோயாளிகளுக்காக துஆ கேட்பார். வாசலிலேயே, பாங்கு சொல்லும் மோதினார் என்னைப் பிடித்துக்கொண்டார். "இப்ப சைரன் போட்டுப் போனியாமே, நம்ம ஆளு ஒருத்தர் காமராஜர் ரோட்டுல பாத்தாராம். யாருக்கு?" என்று கேட்டுச் சீட்டையும் பேனாவையும் நீட்டினார். கை தானாக எழுதியது. 'வண்டியூர் சகோதரர். நெஞ்சு வலி.'

தொழுகை முடிந்து ஹஜ்ரத் வாசித்தார். "வண்டியூரைச் சேர்ந்த, நெஞ்சு வலியால் அவதிப்படும் சகோதரருக்கு ஷிஃபாவை, பூரண குணத்தைக் கொடுப்பாயாக, ரஹ்மானே" என்றார். இருநூறு முந்நூறு பேர் ஒரே குரலில் ஆமீன் சொன்னார்கள். நானும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்டது. தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

வெளியே வந்ததும்தான் சேதி தெரிந்தது. மன்சூரின் அம்மா சபுராவுக்கு மாரடைப்பு. எனக்கு மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டு, காத்திருக்கப் பயந்து, ஆட்டோவில் உட்கார வைத்து நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அண்ணா நகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறான். அந்த ஆட்டோ நான் படுத்துக் கிடந்த நர்சிங் ஹோம் வாசலைத் தாண்டித்தான் போயிருக்கும்.

உயிருக்கு ஆபத்தில்லை, ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். நான் போனபோது மன்சூர் ஐசியூ வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து கட்டிக்கொண்டான். ஒரு வார்த்தை திட்டவில்லை.

"பரவால்லடா. வண்டியூர் ஆளுக்கு துஆ கேட்டாங்கன்னு பள்ளியிலேருந்து வந்தவங்க சொன்னாங்க. வண்டி இன்னொரு உசுரக் காப்பாத்தப் போயிருந்துச்சுல்ல. நீ என்ன செய்வ?" என்றான். "அந்த ஆளு எப்பிடி இருக்காரு?"

"இருக்காரு," என்றேன்.

சபுராம்மாவை வார்டுக்கு மாற்றிய பிறகு தினமும் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா என்னை எங்கள் அம்மா இல்லாத குறை தெரியாமல் பார்த்துக்கொண்டவர். நான் உள்ளே நுழைந்ததும் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். "அந்த வண்டியூர் புள்ளைக்கு எப்பிடிடா இருக்கு? எந்திரிச்சு உக்காந்துச்சா? புள்ள குட்டி எத்தன?" என்று கேட்பார். நான் ஒவ்வொரு நாளும் ஒன்றைச் சொல்லி வைத்தேன். கஞ்சி குடிக்கிறார் என்றேன். இரண்டு பெண் பிள்ளைகள் என்றேன். ஒரு பொய்யான ஆளுக்கு நான் குடும்பமே கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் அவர், "எனக்கு ஆட்டோ, அதுக்கு வண்டின்னு அல்லா பங்கு வச்சுக் குடுத்துருக்கான். ரெண்டு பேரையும் பொழைக்க வச்சான் பாரு. நான் தேறி எந்திரிச்சதும் அந்தப் புள்ளைக்காக மூணு நோன்பு வைக்கிறதா நேந்துருக்கேன்" என்றார். சர்க்கரை வியாதிக்காரி, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருப்பவர், எனக்காகப் பட்டினி கிடக்கப் போகிறார். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன்.

எட்டாம் நாள் டிஸ்சார்ஜ். வண்டியைக் கொண்டு போயிருந்தேன். சக்கர நாற்காலியில் சபுராம்மா வந்தார். மடியில் ஒரு பை நிறைய ஆரஞ்சு.

"நஜீமு, வண்டிய வண்டியூருக்கு விடு. இங்கேருந்து எம்புட்டுத் தூரம்? ரெண்டு நிமிஷம் அந்தப் புள்ளையப் பாத்துட்டுப் போயிருவோம்."

"இன்னொரு நாளைக்குப் போவோம்மா. வெயிலா இருக்கு."

"நான் என்ன நடந்தா போறேன்? விடுறா."

மன்சூரும், "அம்மா ஆசப்படுது, போயிட்டுப் போவோமே" என்றான்.

அந்த வண்டியூர் ஆள் இறந்துவிட்டார் என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. நேற்று மவுத்தாகிவிட்டார், அடக்கமும் முடிந்துவிட்டது, அவ்வளவுதான், கதை முடிந்தது. வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் இந்த அம்மா அந்தச் சாவுக்காக அழுவார் என்று நினைத்தேன். அதையும் நான் நின்று பார்க்க வேண்டும்.

"வண்டியூர்ல யாரும் இல்லம்மா," என்றேன். "அன்னைக்கு வண்டியில யாருமே இல்ல. நெஞ்சு படபடன்னு வந்துச்சு, பயந்து போயி நானே சைரனப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க பாத்தா எனக்கு ஒண்ணுமே இல்ல. மனசுக்கு மாத்திரை சாப்பிடுறேன், ரெண்டு மாசமா. யாருக்கும் தெரியாது. அந்தப் பேஷண்ட் நான்தான்."

போர்ட்டிகோவில் வேறு வண்டிகள் ஹாரன் அடித்தன. மன்சூர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு தடவ அடிச்சேன்டா," என்றான்.

"பாத்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன். எடுக்கல. நீ டீக்குக் கூப்பிடுறன்னு... இல்ல, மூணாவது தடவ தெரிஞ்சுச்சு. அப்பவும் எடுக்கல."

அவன் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவன் உள்ளங்கையை நீட்டினான்.

"சாவியக் குடு. நீ பின்னாடி ஏறு."

கொடுத்தேன். சபுராம்மாவை ஸ்ட்ரெச்சரில் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டுப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். மன்சூர் வெளியிலிருந்து கதவை அறைந்து சாத்தினான். அவனுக்கு அந்த வண்டி பழக்கமில்லை, கியர் கரகரவென்று கத்தியது. பாலம் தாண்டும் வரைக்கும் சபுராம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"கோவமாம்மா?" என்றேன்.

"இல்லாம இருக்குமா? அது இருக்கு. எனக்கு ஒடம்பு தேறட்டும், ஒன்னய வச்சுக்கிறேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "சுஃபியாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது. கேஸ் மாத்திரைன்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவர் கையை எட்டி முன்பக்கத் தகரத்தில் வளையல் உடையும்படி தட்டினார். "மன்சூரு! நம்ம வீட்டுக்கு அப்புறம் போவோம். மொதல்ல இவன் வீட்டுக்கு விடு."

"வேணாம்மா," என்றேன். "தெருவே பாக்கும்மா."

"பாக்கட்டும்."

எங்கள் தெருவில் வண்டி நுழைந்தபோது சின்னப் பிள்ளைகள் பின்னால் ஓடி வரும் சத்தம் கேட்டது. வண்டி நின்றது. கண்ணாடி வழியாக வாசல் தெரிந்தது. சுஃபியா ஈரக் கையோடு, செருப்பில்லாமல் ஓடி வந்தாள். டிரைவர் சீட்டில் மன்சூரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நான் ஓட்டாமல் அந்த வண்டி எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"மன்சூரண்ணே, அவுக எங்கண்ணே?" அவள் குரல் குரலாகவே இல்லை.

அந்தக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. அவள்தான் இழுத்துத் திறந்தாள். முழுசாக, உட்கார்ந்த நிலையில் என்னைப் பார்த்ததும் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அவளுக்குப் பின்னால் அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். மெதுவாகச் சொல்ல நினைத்தேன். மெதுவாக வரவில்லை.

"உமர் பாரூக் சாப்பிடுறான்ல, அந்த மாத்திரையத்தான் நானும் சாப்பிடுறேன் சுஃபியா. கேஸ் மாத்திரை இல்ல அது."

அவள் என்னைப் பார்த்தாள். பயம் போய் அவள் முகத்தில் வேறு ஒன்று வந்தது. இத்தனை நாள் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது, இட்லியை ஒதுக்கியது, குனிந்து டீ குடித்தது எல்லாவற்றையும் அவள் வரிசையாக அடுக்கிப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது.

"எத்தன நாளா?"

"ரெண்டு மாசமா."

சேலையில் கையைத் துடைத்தாள். இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து ஒரு நம்பரைப் போட்டாள். என் கையில் வைத்தாள்.

"எனக்கு அப்புறம் சொல்லலாம். மொதல்ல அவன்ட்ட சொல்லுங்க."

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது ரிங்கிலேயே உமர் பாரூக் எடுத்துவிட்டான். "சொல்லுக்கா, சாப்ட்டியா?" என்றான், சிரித்த குரலில்.

"நான்தான்டா. நஜீம்."

மூன்று வருஷமாக ஒரு தடவைகூட அவனைக் கூப்பிடாதவன் நான். நான் கூப்பிட்டால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று அவன் நினைத்துவிட்டான்.

"மச்சான்," என்றான். குரல் உடைந்திருந்தது. "மச்சான், அக்காவுக்கு என்னாச்சு?"

"அக்காவுக்கு ஒண்ணுமில்லடா," என்றேன். "எனக்குத்தான்."